ஷண்டிங் இன்ஜினுக்கு சந்தனக் காப்பு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம எனக்கு ஒரே ஒரு வேலதான். கடலோரக் கட்டுமாவடியில இருக்குற மாமியா வீட்டுக்குப் போயி ஒரு பொட்டிய வாங்கிட்டு வரணும்.

பொட்டிக்குள்ள ஒரு ரயில் இன்ஜின்.

பதறாதீங்க. ஒரு சாண் நீளம் கூட வராது. பொம்மைன்னு நீங்க சொல்லுவீங்க. 'மாடல்'னு நாங்க சொல்லுவோம். எங்க பொழப்பே அந்த வித்தியாசத்துலதான் ஓடுது.

என் பேஜுக்குப் புதுசா வந்தவங்களுக்காக ஒரு வார்த்த. புதுக்கோட்டை டவுன்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கண்ணாடி அலமாரியில ஆதார் லேமினேஷன் கவர் பாதி, குட்டி ரயிலு பாதி. அதப் பாத்துட்டு நான் ரயில்வேயில பெரிய ஆளுன்னு ஊருல ஒரு நம்பிக்கை. "அண்ணே, சென்னைக்கு ஒரு டிக்கெட்டு வெயிட்டிங்ல கெடக்கு, கொஞ்சம் சொல்லி விடுங்களேன்"னு வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்துடுறாங்க. நான் யாருகிட்ட சொல்ல? என் கடை ரயிலு ஜெராக்ஸ் மெசின்லேருந்து ஸ்டேப்ளர் வரைக்கும்தான் போகும்.

சரி, இந்த இன்ஜினுக்கு வாரேன்.

ரெண்டாம் உலகப் போர் நேரத்துல இங்கிலாந்துல பட்டாளத்துக்காக அவசர அவசரமா செஞ்சு தள்ளுன நீராவி இன்ஜின் ஒண்ணு இருக்கு. ஷண்டிங் இன்ஜின். அதாவது ஊரு ஊரா ஓடாது. யார்டுக்குள்ளயே பெட்டிகள அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிக்கிட்டு கெடக்கும். ஆறே சக்கரம். குதிரைக்கு சேணம் போட்டாப்ல முதுகு மேல தண்ணித் தொட்டி. அழகுன்னு சொல்ல முடியாது. ஆனா கட்டை குட்டையா, மொரட்டுத்தனமா, பாத்தா விட்டுட்டு வர மனசு வராது.

இதோட மாடல் ஒண்ணு எங்கிட்ட ஏற்கனவே இருக்கு. பழசு, பிளாஸ்டிக்கு, யாரோ வச்சிருந்து கை மாறி வந்தது.

அதப் போட்டோ எடுத்து எங்க ரயில் குரூப்புல போட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு.

குரூப்பு அட்மின் கோயம்புத்தூர்க்காரரு. 'ரயில் ரத்தினம்'னு பேரு வச்சிருக்காரு. யாரு எதப் போட்டாலும் "ஒரு சிறு திருத்தம் நண்பரே"ன்னுதான் ஆரம்பிப்பாரு. என் இன்ஜினப் பாத்ததும் எழுதுனாரு:

"ஒரு சிறு திருத்தம் நண்பரே. தண்ணீர்த் தொட்டியின் வளைவு தவறு. புகைபோக்கி தடிமன் அதிகம். ரிவெட்டு ஆணிகள் ஊகத்தில் வைக்கப்பட்டவை. குழந்தைகளுக்கு ஏற்றது."

குழந்தைகளுக்கு ஏற்றதாம்! நாப்பது வயசுக்கு மேல ஒரு மனுசனப் பாத்து!

நான் வீராப்பா பதில் போட்டேன். "உலோகத்தில் வார்த்த புதிய மாடல் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இழுவை, வேகம், வடிவம், ரிவெட்டு எல்லாம் ஒப்பிட்டு ஞாயிறு மாலை என் பேஜில் நேரலை."

குவைத்துல இருக்குற என் மச்சினன் செல்வம் ஊருக்கு வர நேரம். அவன் ரூம்ல கூட இருக்குற ஒருத்தன் வழியா சொல்லி, வாங்கி, கையோட கொண்டாரச் சொன்னேன். கொண்டாந்துட்டான். என் வீட்டுக்காரி பரமு ஸ்கூலு டீச்சரு. முந்துன வாரமே போயி தம்பியப் பாத்துட்டு வந்துட்டா. அப்பவே பொட்டிய எடுத்துட்டு வரச் சொன்னேன்.

"மீனு கூடையத் தூக்குவேனா, ஒங்க இன்ஜினத் தூக்குவேனா?"ன்னு கேட்டுட்டா.

மீனுதான் வந்துச்சு.

அதனால நானே கெளம்புனேன். சும்மா போகல. வீடு வந்து சேந்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குற வரைக்கும் பொறுமை இல்ல. பழைய இன்ஜினத் துணியில சுத்தி ஹாட்பாக்ஸுக்குள்ள வச்சேன். தண்டவாளத் துண்டுங்க, கரண்டு குடுத்து வேகத்தத் திருகுற கன்ட்ரோலர், பூதக்கண்ணாடி, விரல் ரேகை படாம இருக்க வெள்ளக் கையுறை எல்லாம் ஒரு பையில. நகைக் கடைக்குத் தணிக்கைக்குப் போற ஆளு தோத்தான், அப்படி ஒரு ஏற்பாடு.

அறந்தாங்கியில பஸ்ஸு மாறி, கட்டுமாவடியில எறங்கி, மாமியா வீட்டு வாசல்ல கால வைக்கிறேன். நைட்டிக்கு மேல துண்டப் போட்டுக்கிட்டு அத்தை ஓடியாந்தாங்க.

"வாங்க மாப்ள! பரமு வரலியா? இதென்ன ஹாட்பாக்ஸு, பலகாரம் குடுத்து விட்டாளா?"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள ஹாட்பாக்ஸத் தொறந்துட்டாங்க.

ஒரு நிமிசம் உள்ள பாத்தாங்க. என்னப் பாத்தாங்க. மறுபடி உள்ள பாத்தாங்க.

"இது ஒண்ணு வேற இருக்கா?"ன்னாங்க.

அந்த 'வேற'ங்கிற வார்த்தை எங்கயோ இடிச்சுச்சு. ஏன்னா புதுசு பொட்டிக்குள்ளதான இருக்கணும்? இவங்க எப்பப் பாத்தாங்க?

செல்வம் சட்ட போடாம உள்ள இருந்து வந்தான். "வாங்க மச்சான்! அங்க ஏர்போட்ல ஒங்க இன்ஜினால என்னய ஓரமா நிக்க வச்சுட்டாங்க. ஸ்கேன்ல கட்டியா இரும்பு தெரியுதாம். தொறந்து காட்டுன்னாங்க. காட்டுனேன். அந்த ஆபீசரு கையில எடுத்து மேசை மேல கூ...ன்னு ஓட்டிப் பாத்துட்டு, பக்கத்து ஆபீசரக் கூப்புட்டாரு. அவரும் ஓட்டுனாரு. பிளைட்டே போயிருக்கும் மச்சான்!"

"சரி செல்வம், பொட்டி எங்க?"

"பொட்டி மேல அட்டாலிப் பரண்ல இருக்கு."

"இன்ஜினு?"

அவன் அவங்கம்மாவப் பாத்தான். அவங்கம்மா சிரிச்சாங்க. அப்படி ஒரு பெருமையான சிரிப்ப எங்க கல்யாணத்துல கூட நான் பாக்கல.

"வந்து பாருங்க மாப்ள. ஒங்களுக்கு ஒண்ணும் கொறை வைக்கல."

சாமி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

முருகனுக்கும் மாரியாத்தாளுக்கும் நடுவுல ஒரு மணைக்கட்டை. அதுமேல வாழை எலை. எலைக்கு மேல என் போர்க்கால ஷண்டிங் இன்ஜின்.

தொட்டி மேல பட்டையா விபூதி. மூஞ்சி முழுக்க சந்தனம், நடுவுல ரூபா அளவுக்குக் குங்குமம். டிரைவரு நிக்கிற எடத்துல ஒரு சாமந்திப்பூ. பக்கத்துக்கு ஒண்ணா மல்லிகைச் சரம். புகைபோக்கியில...

புகைபோக்கியில ஊதுபத்தி எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

"பொக வருது பாத்தீங்களா?" அத்தைக்குக் கண்ணெல்லாம் மினுங்குது. "நெசமான ரயிலு மாதிரியே இருக்கா? என் யோசனதான். ஓட்டை சின்னதா இருந்துச்சு, பத்தி நுழையல. கோணி ஊசியக் காச்சிக் குத்திப் பெருசாக்கிட்டேன்."

கோணி ஊசி. காச்சி.

மக்களே, புகைபோக்கி தடிமன் அதிகம்னு சொன்னதுக்கே மூணு நாளு சோறு எறங்காத ஆளு நான்.

பின்னாடி இருந்து மாமா குரல் வருது. மாமா விசைப்படகு வச்சிருக்காரு, நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. அன்னைக்குப் பேசுனாரு.

"எலுமிச்சம்பழந்தான் மாப்ள கஷ்டமாப் போச்சு. புது வண்டின்னா சக்கரத்துல வச்சு நசுக்கணுமில்ல? வச்சோம். பழம் இன்ஜின விட ஒசரம். ஏற மாட்டேங்குது. அப்பறம் அரிஞ்சு சின்னத் துண்டா அடியில வச்சு, மேல இருந்து ஒரு அமுக்கு அமுக்குனேன். நச்சுன்னு எறங்கிருச்சு."

சாறு எங்கிட்டு எறங்கிருக்கும்னு நெனைச்சுப் பாத்தேன். மோட்டாரு இருக்குற பக்கந்தான்.

"ஏன் அத்தே இதெல்லாம்..."னு ஆரம்பிச்சேன்.

அத்தை சர்வ சாதாரணமாச் சொன்னாங்க: "கடலுக்குப் போற, கடல் தாண்டி வர்ற எதுக்கும் பூசை போடாம விடுறதில்ல மாப்ள. போன வருசம் பக்கத்து வீட்டுப் புள்ளைய கடல்ல எல்லை தாண்டுனான்னு புடிச்சுட்டுப் போயி, அவன் திரும்பி வர்றதுக்குள்ள அவங்கம்மா பாதியாயிட்டா. செல்வம் அம்புட்டுத் தூரத்துலேருந்து ஒங்களுக்குன்னு ஒரு சாமான் கொண்டாந்திருக்கான். அவனும் நல்லபடியா வந்து சேந்தான். அதுவும் வந்து சேந்துச்சு. ஒரு சூடம் காட்டாம ஒங்ககிட்ட எப்படிக் குடுக்குறது?"

இதுக்கு மேல என்ன பேச? ரிவெட்டப் பத்தியா?

"நல்லா இருக்கு அத்தே"ன்னேன். குரூப்புல ரெண்டு பக்கத்துக்குச் சண்டை போடுற வாயி.

கையுறைய மாட்டிக்கிட்டு மெதுவா எடுத்தேன். "கையில என்ன மாப்ள, செரங்கா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். பத்திய எடுத்தேன். புகைபோக்கி மட்டும் பிளாஸ்டிக்கு. அதோட வாயி உருகி, ஒதடு பிதுக்குனாப்ல ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. மத்தபடி ஒடம்பு இரும்பு, ஒண்ணும் ஆகல. மனசத் தேத்திக்கிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

"கொஞ்சம் சந்தனம் சக்கரத்துக்குள்ள போயிருக்கும் போல அத்தே."

அதச் சொல்லியிருக்கக் கூடாது.

"அடடா, அம்புட்டுத்தான? இப்படிக் குடுங்க!"

கையிலேருந்து பறிச்சுட்டுப் போயிட்டாங்க. நான் "அத்தே... அத்தே..."ன்னு பின்னாடியே ஓடுறேன். கொல்லைக் கொழாயத் தொறந்தாங்க. பாத்திரம் வெளக்குற சோப்பு. தேங்கா நாரு. கொழம்புச் சட்டிய வெளக்குறாப்ல முன்னுக்கும் பின்னுக்கும் நாலு தேய்ப்பு!

சந்தனம் போச்சு. குங்குமம் போச்சு. பின்னாடியே இன்ஜின் பக்கத்துல பொடியா எழுதியிருந்த பட்டாளத்து நம்பரும் போச்சு.

பூதக்கண்ணாடி வச்சுப் பாத்து ரசிக்கணும்னு நெனைச்ச நம்பரு. கொழாயடியில வாழை மரத்தப் பாத்து ஓடுது.

"பளபளன்னு ஆயிருச்சு பாருங்க"ன்னு கையில குடுத்தாங்க. ஆமா. ஆயிருச்சு.

ஸ்டாண்டு பேனு முன்னாடி இன்ஜின வச்சுக் காய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அத்தை மீனு வறுக்கப் போயிட்டாங்க. செல்வத்துக்கு என் மூஞ்சியப் பாத்துப் பாவமாப் போச்சு போல.

"மச்சான், ஒங்க போனக் குடுங்க. ரெண்டு இன்ஜினையும் ஓட விட்டு நான் வீடியோ எடுக்குறேன். வீட்டுக்குப் போயி நிதானமாப் போடுங்க."

நல்ல புள்ளதானேன்னு குடுத்தேன். ஹால்ல தண்டவாளத்த வட்டமா மாட்டுனேன். கன்ட்ரோலர சொருவுனேன். பழைய பிளாஸ்டிக்க வச்சேன். லேசாத் திருகுனேன். கொறட்டை விட்டுக்கிட்டே அழகாச் சுத்தி வந்துச்சு. மாமா குத்த வச்சு உக்காந்து பாத்தாரு.

"எத்தனை ஹெச்பி?"

"ஹெச்பி எல்லாம் இல்ல மாமா."

"அப்பறம் எப்படி ஓடுது?"

வறுவல் கரண்டியோட அத்தை வந்தாங்க. ரெண்டு இன்ஜினையும் ஆளுக்கொரு கையில எடுத்தாங்க. அத்தை கட்டுமாவடி ஏலத்துல மீனு எடுத்து விக்கிறவங்க. ரெண்டையும் தூக்கிப் பாத்தாங்க. திருப்பிப் பாத்தாங்க. செவுளத் தொறந்து பாக்குறாப்ல அடிப்பக்கத்த விரிச்சுப் பாத்தாங்க. மோந்தும் பாத்தாங்க.

"புதுசு நல்ல கனம் மாப்ள. ஆனா ஐஸுல வச்ச மீனு மாதிரி வெறச்சுப் போயிக் கெடக்கு. சக்கரம் திரும்புறதுக்கே மொணங்குது. பழசு லேசுதான். ஆனா துள்ளுது பாருங்க, இப்பக் கரையேறுன மாதிரி. நானா இருந்தா பழசத்தான் எடுப்பேன்."

"புதுசு மொணங்குறது எலுமிச்சம்பழத்தால அத்தே"ன்னு நெனைச்சேன். சொல்லல.

"அதையும் ஓட்டுங்க மச்சான்!"ன்னான் செல்வம்.

புதுச வச்சேன். திருகுனேன். நகரல. ம்ம்ம்னு ஒரு மொனகல். இன்னும் கொஞ்சம் திருகுனேன். நகரல.

"ஆக்ஸிலேட்டர நல்லா முறுக்குங்க!"ன்னாரு மாமா.

முறுக்குனேன். இன்ஜின் ஒரு உதறு உதறுச்சு. அப்பறம் அந்த உருகுன புகைபோக்கியிலேருந்து, ஊதுபத்தி இல்லாம, சூடம் இல்லாம, சுருள் சுருளாப் பொகை வந்துச்சு.

அத்தை கரண்டியாலயே கை தட்டுனாங்க. "பாத்தீங்களா! பூசை வீண் போகல! தானா வருது பாருங்க பொக!"

மோட்டாரு மக்களே. உள்ள மோட்டாரு எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

நான் பாய்ஞ்சு பிளக்கப் புடுங்குனேன். அந்த நேரம் பாத்து செல்வம் கையில இருந்த என் போன் அடிச்சுச்சு. பரமு.

"என்னங்க! அறிவு இருக்கா ஒங்களுக்கு?"

"என்னம்மா?"

"எங்கம்மாவ நைட்டியோட ஊருக்கே காட்டிக்கிட்டு இருக்கீங்க! எங்க ஸ்கூலு டீச்சருங்கல்லாம் பாக்குறாங்க!"

செல்வத்தப் பாத்தேன். அவன் போனப் பாத்தான்.

"மச்சான்... வீடியோன்னு இருந்துச்சேன்னு அமுக்குனேன். இது என்ன, செவப்பா 'லைவ்'னு போட்டுருக்கு?"

போனக் குடுத்ததுக்கு அப்பறம் நடந்த அம்புட்டும் என் பேஜுல நேரலையாப் போயிருக்கு. மாமா ஹெச்பி கேட்டது, அத்தை இன்ஜின மோந்து பாத்தது, பொகை, கைதட்டு, எல்லாம். பரமு கூப்புட்டதுலதான் நின்னுருக்கு.

ரத்தினம் பாத்திருப்பாரு. இனிமே அந்தக் குரூப்புல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? கண்ண இடுக்கிக்கிட்டு கமென்ட்டு பக்கம் போனேன்.

"அத்தை சூப்பர்."

"அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"ஐஸ் மீனு விமர்சனம்! செம!"

"அடுப்புல மீனு கருகுது, யாராச்சும் போயிப் பாருங்க."

அதுல ஒருத்தரு கூட ரிவெட்டப் பத்திக் கேக்கல. ஒரு வருசமா நான் தொண்டை கிழியத் தொட்டி வளைவப் பத்திப் பேசுறேன், பத்து பேரு பாப்பாங்க. அத்தை ஒரு தடவ மோந்து பாத்தாங்க, ஊரே கூடிருச்சு.

கடைசியில, நான் பயந்த மாதிரியே, ரயில் ரத்தினம்.

"ஒரு சிறு கேள்வி நண்பரே."

திருத்தம் இல்ல. கேள்வி!

"புகை வெளிவரும் விதம் மிகவும் இயல்பாக உள்ளது. இவ்வளவு தத்ரூபமான புகை அமைப்பை இந்த அளவு மாடலில் நான் கண்டதில்லை. போர்க்காலப் பராமரிப்புக் குறைவைக் காட்ட எண்களைத் தேய்த்து அழித்திருப்பதும், புகைபோக்கியைச் சாய்த்திருப்பதும் நுட்பமான வேலை. தயாரிப்பு எது?"

மூணு தடவ படிச்சேன். தேங்கா நாருக்கு நுட்பமான வேலைன்னு பேரு குடுத்துட்டாரு மனுசன்.

நேர்மையா உண்மையச் சொல்லணும்னு நெனைச்சேன். நெசமா நெனைச்சேன். அப்பறம் 'குழந்தைகளுக்கு ஏற்றது' ஞாபகம் வந்துச்சு.

"ஸ்பெஷல் எடிஷன் நண்பரே"ன்னு போட்டேன்.

"எங்கே கிடைக்கும்?"

"கட்டுமாவடி."

அவரு அத வெளிநாட்டு ஊருன்னு நெனைச்சுக்கிட்டாரு போல. "ஜப்பானிய வேலைப்பாடு என்றால் சும்மாவா"ன்னு எழுதியிருந்தாரு. நான் திருத்தல.

கருகாத மீனாப் பாத்துப் பொறுக்கி சோறு போட்டாங்க. கெளம்புறப்ப அத்தை ஹாட்பாக்ஸுல வறுவலப் போட்டு மூடிக் குடுத்தாங்க. ரெண்டு இன்ஜினும் என் சட்டைப் பையில, பக்கத்துக்கு ஒண்ணா. பஸ்ஸுல பக்கத்து சீட்டு ஆளு மோந்து மோந்து பாத்தாரு. சந்தனமா, மல்லிகையா, வஞ்சிரமா, கருகுன ஒயரான்னு அவருக்கு ஒரு முடிவுக்கு வர முடியல.

வீட்டுல பரமு ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு கடைக்கு வந்து, புது இன்ஜின எடுத்துப் பாத்து, "சரி பண்ண முடியுமா?"ன்னு கேட்டா. முடியும்னேன். மோட்டாரு மாத்தணும், நம்பரு எழுதணும், புகைபோக்கி வேற வாங்கணும்.

"அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நல்லா ஓடுதுன்னு."

மொத தடவையா என் இன்ஜின அவ ரெண்டு கையாலயும் பதமா அலமாரியில வச்சா.

ஆனா நானும் ஒரு பாடம் கத்துக்கிட்டேன். இப்பல்லாம் எந்தப் பார்சல் வந்தாலும், மொதல்ல அத்தைக்குப் போனப் போட்டு, "பூசை போட்டாச்சு அத்தே"ன்னு சொல்லிட்டுத்தான் பொட்டியவே பிரிக்கிறேன்.